எண்பத்து நாலுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் நடுவில் ஓர் ஆண்

செப்டம்பர் கடைசியில் மாடுகள் கழுத்தில் மணியும் தலையில் பூவுமாக மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கித் தொழுவத்துக்குள் போனதும், எங்கள் பள்ளத்தாக்கில் இன்னொரு மந்தை கிளம்பும். இதற்கு மணி கிடையாது. பூவும் கிடையாது. கையில் சுருட்டிய விலைப்பட்டியல் இருக்கும், வயது நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கும், வயிறு வயதைவிட வேகமாக முன்னேறியிருக்கும். அது நேராகப் புர்கி பெரியம்மாவின் பனிச்சறுக்கு ஸ்கீ கடைக்குள் நுழைந்து, வெளியே பனியே இல்லாவிட்டாலும் வாசலில் காலைத் தட்டிப் பனியை உதறிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருக்கும் ஸ்கீகளை ஒரு சுற்றுப் பார்த்து, பெருமூச்சு விட்டு, "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லும்.

வாசகரே, தொப்பியைக் கழற்றுங்கள். முழுமலை ஆண் வந்திருக்கிறார்.

அந்தக் கடையில் எடுபிடி வேலை பார்க்கிறேன், ஆனால் இந்தப் பெயர் நான் வைத்ததில்லை. தொழிற்சாலைக்காரர்கள் ஒரு வகை ஸ்கீக்கு முழுமலை ஸ்கீ என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். விடிவதற்குள் இயந்திரம் வாரிச் சீவி வைத்த தடத்திலும் ஓட்டலாம், ஆசை வந்தால் தடத்தை விட்டு வெளியே போய் யாரும் மிதிக்காத பனியிலும் ஓட்டலாம். வேலைக்கும் ஆகும், விசேஷத்துக்கும் ஆகும் என்று சொல்லி விற்கிறார்களே சட்டை, அந்த மாதிரி. பெண்களுக்கும் இதே ஸ்கீ உண்டு. அவர்கள் வருவார்கள், "இதுல எது தூக்க லேசா இருக்கும்" என்று கேட்பார்கள், பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. பாவம்.

முழுமலை ஆணை எப்படிக் கண்டுபிடிப்பது? கஷ்டமே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"எங்க ஓட்டுவ?" என்று பெரியம்மா கேட்பாள்.

"எண்பது தடம். இருபது வெளிய."

எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். எழுபதுக்கு முப்பது என்று ஒருவர் சொன்னால் வழியில் எங்கோ இரண்டு கோப்பை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தவறியவன் நான். ஆனாலும் இந்த இருபதை விடாமல் ஆராய்ந்திருக்கிறேன். அப்படிச் சொன்ன ஒருவரை ஒரு குளிர்காலம் முழுக்கக் கவனித்ததில், அவர் மூன்று முறை தடத்தை விட்டு வெளியே போனார். முதல் முறை, கம்பியில் தொங்கி மலையேறும் நாற்காலி லிஃப்டிலிருந்து விழுந்த கையுறையை எடுக்க. இரண்டாவது முறை, மரத்துக்குப் பின்னால் ஒதுங்க. மூன்றாவது முறை, நிற்க நினைத்து நிற்க முடியாமல். மொத்தம் நாற்பது மீட்டர் இருக்கும். இந்த நாற்பது மீட்டருக்காகத்தான் மனிதர் மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையிலும் விலைப்பட்டியலில் மூழ்கி யாரோடும் பேசவில்லை.

அடுத்தது மில்லிமீட்டர். ஸ்கீக்கும் இடுப்பு உண்டு. காலுக்கு நேர் கீழே வரும் அந்த இடம் ஒல்லியாக இருந்தால் தடத்தில் பிடிக்கும், அகலமாக இருந்தால் புதுப்பனியில் மிதக்கும். விஷயம் அவ்வளவுதான். ஒரு வரியில் முடித்துவிட்டேன். அவர் இதை ஒரு வருடம் சொல்வார். தன் கால்சட்டையின் இடுப்பு அளவைக் கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறவர், உலகத்தில் உள்ள அத்தனை ஸ்கீகளின் இடுப்பையும் தசமப் புள்ளியோடு ஒப்பிப்பார்.

பிறகு வளைத்துப் பார்ப்பது. ஸ்கீயின் வாலைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் அதன் வயிற்றில் ஓர் அமுக்கு அமுக்கி, கண்ணை மூடி, "ம்ம்" என்பார். என்ன தெரிந்தது? அவருக்கும் தெரியாது, ஸ்கீக்கும் தெரியாது. அவருடைய அப்பாவும் இப்படித்தான் அமுக்கினார். ஒருநாள் நான் விளக்குமாற்றுக் கட்டைக்குக் கறுப்புச் சாயம் அடித்து, வரிசையில் ஐந்தாவதாக நிறுத்தி வைத்தேன். ஒருவர் அதையும் எடுத்து வளைத்துப் பார்த்து, "கொஞ்சம் விறைப்பு. ஆனா நேர்மையான விறைப்பு" என்றார்.

பேச்சும் தனி. "ஸ்கீ விளையாட்டுத்தனமா இருக்கணும். அதே சமயம் பொறுப்பாவும் இருக்கணும். வேகத்துல பதறக் கூடாது. தப்புப் பண்ணினா மன்னிக்கணும்."

"ஸ்கீ தேடுறியா, மருமகன் தேடுறியா?" என்பாள் பெரியம்மா.

அவர் சிரிக்க மாட்டார். இணையத்தில் பனித்தாடி எழுபத்தொன்று என்ற புனைபெயரில் கனடாவிலிருந்து யாரோ எழுதியதை எடுத்துக் காட்டுவார். கட்டிய மனைவி சொன்னால் கேட்காதவர், இருபது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன் சொன்னால் நம்பாதவர், முகம் தெரியாத பனித்தாடி சொல்லிவிட்டால் தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார். ஸ்கீ வாங்காமல்தான்.

இந்த இனத்தில் நான் பார்த்த முழு வளர்ச்சி அடைந்த உயிர் ஒன்று உண்டு. வெண்டலின் மாமா. நில அளவை அலுவலகத்தில் வேலை. இரண்டு பண்ணைகளுக்கு நடுவில் உள்ள வேலி ஒரு விரல் நகர்ந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் வெர்னியர் அளவி ஒன்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்த அன்று நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குத் தெரிந்த வரையில் அது வாயால் பொருளைக் கவ்விப் பிடித்து எண் சொல்லும் ஓர் இரும்புக் குருவி.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் வெண்டலின் மாமா தன் பழைய ஸ்கீயை விற்றார். புதியதற்கு வீட்டில் இடம் வேண்டுமாம். இடம் கிடைத்துவிட்டது. அதில் இப்போது உருளைக்கிழங்கு மூட்டை இருக்கிறது.

"அதுவரைக்கும் வாடகை ஸ்கீயாவது எடுத்துட்டுப் போயேன்" என்றாள் பெரியம்மா. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"வாடகை ஸ்கீல ஓட்டினா காலுக்குத் தப்பான பழக்கம் வந்துடும் புர்கி."

"எந்தக் காலுக்கு? சோபால கெடக்குதே, அதுக்கா?"

இதுவரை சிரிப்பு. ஆனால் ஹெட்விக் அத்தை என்று ஒருவர் இருக்கிறார். மாமாவின் மனைவி, எங்கள் ஊர்த் தபால்காரர். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து இருவருக்கும் ஒரு வழக்கம். ஏப்ரல் கடைசி ஞாயிறு, லிஃப்ட் மூடும் நாளில், நாலு மணிக்குக் கிளம்பும் கடைசி நாற்காலியில் இரண்டு பேரும் சேர்ந்து மேலே போவார்கள். அது பழைய லிஃப்ட், ஒரு நாற்காலியில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். மேலிருந்து சேர்ந்து சறுக்கி வந்து, பாதி மலையில் இருக்கும் நடுக்குடிலில் ஒரு சட்டி ஷ்மாரன் வாங்குவார்கள். முட்டை அப்பத்தைப் பிய்த்துப் போட்டு, மேலே சர்க்கரைத் தூள் தூவியது. ஒரு சட்டி, இரண்டு முள்கரண்டி. இருபத்திரண்டு வருடம் இது தவறவில்லை. கடந்த இரண்டு வருடம் அத்தை தனியாகப் போனாள். மாமா கீழே நின்று விலைப்பட்டியலை ஆட்டி வழியனுப்பினார்.

இந்த வருடம், அந்த ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னால், அத்தை தன் ஸ்கீயின் விளிம்பைத் தீட்டிக்கொள்ளக் கடைக்கு வந்தாள்.

"கடைசி நாற்காலில கூட வரட்டுமான்னு கொர்பினியான் கேட்டிருக்கான்" என்றாள்.

கொர்பினியான் தீயணைப்புப் படையின் வாத்தியக் குழுவில் அக்கார்டியன் வாசிப்பவர். மனைவி இல்லை. பல் வரிசை நன்றாக இருக்கும்.

"அவன் என்ன ஸ்கீ வெச்சிருக்கான்?" பெரியம்மாவுக்குத் தொழில் புத்தி.

"ரெண்டு வெச்சிருக்கான். காலுக்கு ஒண்ணு. எனக்கு அது போதும்."

பெரியம்மா சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். பிறகு கையுறையைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள். "சட்டில பாதி மீந்து போகுது புர்கி. ரெண்டு வருஷமா குடில்காரன் என்னைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காமலே காகிதத்துல மடிச்சுக் குடுக்கறான். இந்த வருஷமும் இந்த மனுஷன் கீழ நின்னு கையாட்டினாருன்னா, திங்கக்கிழமை என் ஸ்கீயையும் இங்க கொண்டுவந்து போட்டுடறேன். நீயே வித்துக்க. மலை போதும் எனக்கு."

நான் கடையின் பின்பக்கம் ஒரு ஸ்கீயின் அடியில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். அதே இடத்தை இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தேன்.

சனிக்கிழமை மாமா வந்தார். மூன்று வருட ஆராய்ச்சியில் உலகத்து ஸ்கீகளையெல்லாம் கழித்துக் கட்டி, கடைசியில் இரண்டில் வந்து நின்றிருந்தார். ஒன்றின் இடுப்பு எண்பத்து நாலு மில்லிமீட்டர். இன்னொன்று தொண்ணூற்றெட்டு. இரண்டும் ஒரே நீளம். இரண்டையும் குருவியால் கவ்வினார், இரண்டையும் வளைத்தார், இரண்டு முறை "ம்ம்" சொன்னார். எடுத்துவிடுவார் போலிருந்தது.

"இது தடத்துக்கு நல்லது. அது வெளிய போக நல்லது" என்றார். "நடுவுல, ஒரு தொண்ணூத்தி ஒண்ணு இருக்கா?"

"ஆர்டர் போடணும். அக்டோபர்ல வரும்."

"அக்டோபர்னா சரி. நமக்கென்ன அவசரம்."

மறுநாள் நாலு மணிக்கு லிஃப்ட் மூடப் போகிறது. மனிதர் அக்டோபருக்குக் கையெழுத்துப் போடப் பேனா தேடுகிறார். பெரியம்மா உத்தரத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அதுவாகவே திறந்துகொண்டது என்றுகூடச் சொல்லலாம்.

"மாமா, தொண்ணூத்தி ஒண்ணு ஒண்ணு இருக்கு. ஆனா விக்கறதுக்கு இல்ல."

பேனா நின்றது.

"தொழிற்சாலைலேர்ந்து சோதனைக்கு வந்த மாதிரி ஜோடி. பேர் போடல. அடுத்த வருஷம்தான் வெளிய விடுவாங்களாம். ஒரே ஒரு ஆள் நாளைக்கு ஓட்டிப் பாத்து அபிப்பிராயம் எழுதிக் குடுக்கணும். நான் கொர்பினியானைக் கேக்கலாம்னு இருந்தேன்."

"கொர்பினியானுக்கு என்ன தெரியும்? அவன் எண்பத்தெட்டுக்கும் எண்பத்தொன்பதுக்கும் வித்தியாசம் தெரியாதவன்."

"ஒரு நிபந்தனை இருக்கு மாமா. அளக்கக் கூடாது. அளந்தா சோதனை செல்லாது."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பையின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குருவியை எடுத்து, மேசை மேல் வைத்து, துப்பாக்கியை ஒப்படைக்கும் போலீஸ்காரரைப் போல என் பக்கம் தள்ளினார்.

நான் என்ன செய்தேன் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எண்பத்து நாலில் ஒன்று. தொண்ணூற்றெட்டில் ஒன்று. இரண்டையும் ஒரு ஜோடியாக்கி, நுனியிலிருந்து வால்வரை கறுப்பு ஒட்டு நாடா. முடிந்தது.

ஞாயிறு காலையில் பெரியம்மா என் ஜோடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஜோடியைப் பார்த்தாள்.

"டேய் பாஸ்டி, நீ ஒருநாள் ஜெயிலுக்குப் போவ."

"கட்டு சரியா கழலுமா பெரியம்மா?"

"அது என் வேலை. மத்தது என் கண்ணுல படல."

கட்டு என்பது காலணியை ஸ்கீயோடு பிடித்து வைத்திருப்பது. விழுந்தால் கழல வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு முறியும். சும்மா போகும்போது கழலக் கூடாது, கழன்றாலும் எலும்பு முறியும். அதை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. எடை, வயது, திறமை மூன்றையும் கேட்டு, ஏணியில் ஏறி இறங்குவது போல ஏற்றி இறக்க வேண்டும். முழுமலை ஆண் உண்மையே பேசாத ஒரே இடம் இதுதான். காலணியோடு வந்த மாமாவிடமும் பெரியம்மா மூன்றையும் கேட்டாள்.

"எடை?"

"எழுபத்தெட்டு" என்றார் மாமா, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. தொண்ணூற்றாறு. பெரியம்மா மாட்டுச் சந்தையில் வளர்ந்தவள், கண்ணாலேயே எடை போட்டுவிடுவாள்.

"வயசு?"

"நாப்பத்தொன்பது." இருவரும் ஒரே வகுப்பு என்று சொன்னேன் அல்லவா? பெரியம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு கேக் வெட்டி நாலு வருடம் ஆகிறது. அந்தக் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டவர் இவர்.

"எப்படி ஓட்டுவ? மெதுவா, சுமாரா, வேகமா?"

"வேகமா."

பெரியம்மா முகம் மாறாமல் மூன்றையும் எழுதினாள். கடை ஆரம்பித்த புதிதில் இந்தப் பொய்களுக்காக இவள் சண்டை போட்டிருக்கிறாளாம். இப்போது போடுவதில்லை. ஏனென்றால் எடையில் சொன்ன பொய் அட்டவணையில் இரண்டு படி கீழே இறக்கும். வயதில் சொன்ன பொய் ஒரு படி மேலே ஏற்றும். திறமையில் சொன்ன பொய் இன்னொரு படி ஏற்றும். உண்மையை வைத்துத் தனியாக ஒரு கணக்கு, அவர் சொன்னதை வைத்து இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே எண். முப்பது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கின் ஆண்கள் கால் முறியாமல் நடமாடுவது இப்படித்தான். ஆனாலும் பெரியம்மா ஒவ்வொரு முறையும் இரண்டு கணக்கும் போட்டுப் பார்க்காமல் திருப்புளியைக் கையில் எடுக்க மாட்டாள்.

மாலை மூன்று ஐம்பதுக்கு லிஃப்ட் வாசலில் ஹெட்விக் அத்தை நின்றிருந்தாள். பக்கத்தில், முதுகில் அக்கார்டியன் பெட்டியோடு கொர்பினியான் நின்றிருந்தார். நான் சாக்கில் சுற்றிய ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, மாமா காலணி டக்டக்கென்று சத்தம் போட பின்னால் வந்தார். ஏப்ரல் மாதத்துப் பனி, கஞ்சி மாதிரி இளகிக் கிடந்தது. சாக்கை உருவி ஸ்கீகளை அதில் போட்டதும் பாதி உள்ளே போய்விட்டன. அகலம் வேறு வேறு என்று தெரியாதா என்று கேட்பீர்கள். மூன்று வருடம் எண்ணையே பார்த்தவருக்குப் பொருள் கண்ணில் படுமா?

"என்னய்யா, கையாட்ட வந்தியா?" என்றாள் அத்தை.

"இல்ல. சோதனை. தொழிற்சாலைக்காக." பிறகு தொண்டையைக் கனைத்தார். "எடம் இருக்கா?"

அத்தை அவருடைய காலைப் பார்த்தாள். இருபத்தாறு வருடமாகக் கடிதத்தின் தடிமனைத் தடவிப் பார்த்தே தபால்தலை சரியா என்று சொல்கிறவள். கஞ்சிப் பனி அவளை என்ன செய்யும்? இடது கால், வலது கால், இடது கால். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

"கொர்பினியான்" என்றாள், என்னிடமிருந்து கண்ணை எடுக்காமல், "உன் பொட்டிக்குத் தனி நாற்காலி வேணுமில்ல?"

"தாராளமா" என்றார் கொர்பினியான். நல்ல மனிதர். கடைசிக்கு முந்தைய நாற்காலியில் அக்கார்டியனோடு உட்கார்ந்து போனார். எனக்கு இடமில்லை என்பதால் கம்பிக்குக் கீழே உள்ள பாதையில் குடில்வரை நடந்தேன். என் தலைக்கு மேலே கடைசி நாற்காலி போயிற்று. மாமா ஏதோ எண்ணைச் சொல்லிக்கொண்டே போனார். அத்தை "ம்ம்" என்றாள்.

அவர்கள் சறுக்கி வந்ததைக் குடிலின் வாசலிலிருந்து பார்த்தேன். தடத்தில் மாமா நன்றாகவே வந்தார். கொஞ்சம் இடப்பக்கமே அதிகம் திரும்பினார், அவ்வளவுதான். பாதி வழியில் அத்தை சட்டென்று தடத்தை விட்டு லார்ச் மரங்களுக்கு நடுவே போனாள். மாமா நின்றார். எண்பதுக்கு இருபது பேசிய மனிதருக்கு முன்னால் அந்த இருபது, வெள்ளை வெளேரென்று, மனைவியின் சறுக்குத் தடம் ஒன்றே ஒன்றோடு கிடந்தது. குருவி கையில் இல்லை. பனித்தாடி கனடாவில் இருந்தார்.

போய்விட்டார்.

நாலு திருப்பம் போனார். வலது ஸ்கீ மிதந்தது, இடது ஸ்கீ மூழ்கியது, மனிதர் காற்றாலை போலச் சுழன்று பனிக்குள் மறைந்தார். இரண்டு கட்டும் டப், டப் என்று கழன்றன. கால் இரண்டும் மேலே ஆடின, முறியாமல். மரங்களுக்கு நடுவிலிருந்து அத்தை சிரிக்கும் சத்தம் குடில்வரை கேட்டது. குடில்காரர் அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, காகிதத்தைத் திரும்ப இழுப்பறையில் போட்டு, இரண்டாவது முள்கரண்டியை எடுத்தார்.

மேசையில் மாமா அபிப்பிராயம் சொன்னார். "அற்புதம். தடத்துல ஒல்லி மாதிரி புடிக்குது. வெளிய அகலம் மாதிரி மெதக்குது. ரெண்டும் ஒண்ணுலயே இருக்கு. நான் மூணு வருஷமா இதைத்தான சொல்லிட்டிருக்கேன்?"

"வாயில சர்க்கரை ஒட்டியிருக்கு. தொடச்சுட்டுப் பேசுய்யா" என்றாள் அத்தை. சட்டி காலியாயிற்று. நான் தூரத்தில் நின்றிருந்ததால் இதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை காலை மாமா கடைக்கு வந்தார். தோளில் அந்த ஜோடி. நாடாவைப் பிரித்துப் போட்டிருந்தார். கையில் குருவி, வாயைத் திறந்தபடி. ஞாயிறு மாலை கடை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் மெழுகு மேசைக்குக் கீழே போகலாமா என்று யோசித்தேன். பெரியம்மா ஒரு காலை என் முன்னால் குறுக்கே வைத்து வழியை அடைத்தாள்.

"எண்பத்து நாலு" என்றார் மாமா. ஒன்றை மேசையில் வைத்தார். "தொண்ணூத்தெட்டு." இன்னொன்றையும் வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா?"

கணக்கு எனக்கு வராது என்று சொல்லியிருக்கிறேன்.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றார் வெண்டலின் மாமா, மொத்தக் கடைக்கும் கேட்கும்படி. "நான் சொன்னேனா இல்லையா? நடுவுலதான் இருக்குன்னு நான் சொன்னேனா இல்லையா? இதே ஜோடிக்கு பில் போடு புர்கி."

போட்டோம். வேறென்ன செய்வது? அன்று மாலைக்குள் ஊரே அவரிடம் ஆலோசனை கேட்க ஆரம்பித்துவிட்டது. அவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பனியையே பார்த்ததில்லை, நமக்கும் இந்த மாமாவுக்கும் என்ன சம்பந்தம் என்றுகூட நினைக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எண்பத்து நாலையும் தொண்ணூற்றெட்டையும் வைத்துக்கொண்டு தவித்தபோது, "எண்பத்தெட்டு எடுத்திருக்கலாமே" என்று உங்களுக்குள் யாரோ சொன்னார்களே, அது யார்? சரி, விடுங்கள். கடையில் இன்னொரு ஜோடி மீந்திருக்கிறது. ஒன்று எண்பத்து நாலு, ஒன்று தொண்ணூற்றெட்டு. நாடா சுற்றித் தயாராக வைத்திருக்கிறேன். காலணி அளவை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.